நீரும் காவலும் – 9: எஞ்சினை நிறுத்தும் கயிறு

எங்கள் பாளையம்பட்டிக்குக் கடல் கிடையாது. விருதுநகர் மாவட்டத்துக்கே கடற்கரை கிடையாது. ஆயினும், திருச்சுழியை ஒட்டி வருஷத்தின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் குண்டாறு, ஐப்பசி கார்த்திகையில் நீர் கண்டுவிட்டால் கமுதி வழியாகச் சென்று மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேருகிறது. அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி பஸ் ஏறினவர் இரண்டொரு மணி நேரத்தில் உப்பளங்களைக் கண்டுவிடுகிறார். கடல் அத்தனை தூரத்தில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பிரயாணிகளோடு நின்றுபோன சமயத்தில், கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து தெருவெள்ளத்தில் இறக்கி ஜனங்களை மீட்டார்கள். அதைப் பார்த்த பிறகு, படகும் அதன் எஞ்சினும் கரையோரத்தாருக்கு மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயம் என்று கரிசல் பூமியில் இருக்கும் நாமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சென்ற வாரம் மிதவைச் சட்டையைப் பற்றி எழுதினேன். அதைவிட விலை குறைந்ததும், அதைவிட அலட்சியமாக நடத்தப்படுவதுமான ஒரு சாதனத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில், ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில், சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதன் கழுத்தில் லாட வடிவிலான சிறு பிளாஸ்டிக் கிளிப் செருகியிருக்கும். கிளிப் இருக்கும்வரை எஞ்சின் ஓடும். அது பிடுங்கப்பட்ட மாத்திரத்தில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விசைகொண்டு பொத்தானை இழுத்துக்கொள்ள, பிளக்குக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் எர்த்தாகி, பொறி அற்று, எஞ்சின் அடங்கிவிடும். அந்தக் கிளிப்பில் தொடங்கி ஓட்டுபவரின் தொடையில் முடியும் சிவப்புச் சுருள் கயிற்றைத்தான் கடைக்காரர்கள் கில் கார்டு என்கிறார்கள்; நாம் நிறுத்துகயிறு என்று வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையிலும் எங்கள் ஊரிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இந்த யுக்தி புதிதன்று. ஊடை நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் சிறு முட்கரண்டி, நூல் அறுந்தவுடன் ஆள் வருவதற்காகக் காத்திராமல் தறியை நிறுத்திவிடுகிறதல்லவா? தறியில் துணி பாழாகாமல் காக்கும் அதே தத்துவம், படகில் மனிதனைக் காக்கிறது.

ஓட்டுபவர் நீரில் விழுந்துவிட்டால் படகு நேராகப் போய்விடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நேராகப் போனாலே ஆபத்துத்தான்: மணிக்குப் பத்துக் கடல்மைல் வேகத்தில் செல்லும் வள்ளம் ஒரு விநாடியில் ஐந்து மீட்டர் விலகிவிடும், ஒரு நிமிஷத்தில் 300 மீட்டர். தனியாகத் தொழிலுக்குப் போனவர் அதை நீந்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் கைப்பிடியில் கை இல்லாதபோது, சுழலும் விசிறியின் எதிர்விசை எஞ்சினை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதால், படகு வட்டமடித்து, விழுந்தவர் தத்தளிக்கும் அதே இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவதுண்டு. எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று ஓடி, கியர் அதைப் பாதியாகக் குறைத்தாலும், விசிறி விநாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சுழல்கிறது. மூன்று இலைகள் என்று கொண்டால் விநாடிக்கு 120 வெட்டுக்கு மேல் ஆகிறது. நீச்சல் தெரிந்திருப்பதும், மிதவைச் சட்டை அணிந்திருப்பதும் அந்த இலைகளுக்கு முன்னால் எவ்வளவு தூரம் உதவும்?

இது கற்பனைப் பயமன்று. 2013 மே 5ஆம் தேதி இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், பாட்ஸ்டோ ஊருக்கு அருகேயுள்ள கேமல் நதியின் கழிமுகத்தில், ஒரு குடும்பத்தார் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து ஒரு திருப்பத்தில் வெளியே எறியப்பட்டார்கள். படகில் நிறுத்துகயிறு இருந்தது. ஓட்டியவர் காலில் அது மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்கள்மீதே ஏறியதில், தகப்பனாரும் எட்டு வயதுப் பெண்குழந்தையும் இறந்தார்கள். மற்றவர்களுள் சிலர் கொடுங்காயம் அடைந்தார்கள். அந்நாட்டுக் கடல் விபத்து விசாரணைத் துறை 2014இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கயிற்றையே முக்கியமாகப் பேசியது. அமெரிக்காவிலோ, 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்துச் செல்லுகையில் ஓட்டுபவர் நிறுத்துகயிற்றையோ அதற்கு ஈடான கம்பியில்லாச் சாதனத்தையோ அணிந்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

இனி, கயிற்றைத் தேர்ந்தெடுக்கும் விதத்துக்கு வருகிறேன்.

கையில் எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது கிளிப்பைத்தான். யமஹாவின் பொத்தானுக்குச் செய்தது சுஸுகிக்குப் பொருந்தாது; மெர்க்குரிக்கு வேறு, ஹோண்டாவுக்கு வேறு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது பல சமயங்களில் எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை. தளர்ந்த கிளிப் ஒவ்வோர் அலைக்கும் கழன்று விழும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த ஓட்டுநர் மூன்றாம் நாள் அதை நைலான் நூலால் பொத்தானோடு சேர்த்துக் கட்டிவிடுவார். கட்டிய கணத்தில் அது வெறும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. இறுகின கிளிப்போ, இழுத்தால் வராது. ஆகையால் எஞ்சின் கம்பெனியின் கிளிப்பையே, விலை கூடினாலும், வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது கயிற்றின் உடல். வெளியே தெரியும் சுருள் பிளாஸ்டிக் தோல். பலம் உள்ளே ஓடும் பின்னல் நூலில் இருக்கிறது. மலிவுச் சரக்கில் நூலே இருக்காது, அல்லது பெயருக்கு இரண்டு இழை இருக்கும். இரண்டு கைகளால் முழுதும் இழுத்துப் பாருங்கள்: நல்ல கயிறு சுருள் பிரிந்து ஓரிடத்தில் திடமாக நின்றுவிடும், மட்டமானது ரப்பராக நீண்டுகொண்டே போகும். அப்படி நீளுகிற ஒவ்வோர் அடியும் எஞ்சின் நிற்காமல் ஓடும் நேரம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நைலான் நனைந்தால் பலம் சற்றுக் குறையும், இழுவையும் அதிகம். பாலியெஸ்டர் அவ்விரண்டிலும் மேல். நூல் ஜாதி அறிந்த எங்கள் ஊர் நெசவாளர்களுக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. சிவப்பு வெளுத்து வெள்ளைப்பூத்தால், வெயில் சாயத்தை மட்டுமல்லாமல் தோலையும் தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தோலில் வெடிப்பு கண்டு உள்நூல் எட்டிப் பார்க்குமானால், யோசனைக்கு இடமின்றி அதை நறுக்கி எறிந்துவிட வேண்டும். மூலையில் போட்டுவைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

கயிற்றின் தொடைப்பக்க முனையில் இருக்கும் கொக்கியை வாங்குமுன் வாய் திறந்து பார்க்க வேண்டும். உடம்பு பளபளவென்று எவர்சில்வராக இருக்கும். உள்ளே நாக்கைத் தள்ளும் ஸ்பிரிங் மட்டும் சாதாரண இரும்பாக இருக்கும். உப்புக்காற்றில் முதலில் செத்துப்போவது அந்த ஸ்பிரிங்தான். கயிறும் கிளிப்பும் சேரும் இடத்தில் உள்ள நசுக்கு வளையத்தையும் நகத்தால் நெருடிப் பார்ப்பது நல்லது. கயிறு அறுவதைக் காட்டிலும் அந்த மூட்டு நழுவுவதே எளிது.

கட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைலியின் மடிப்பிலோ, கால்சட்டையின் பெல்ட் வளையத்திலோ மாட்டினால், மனிதன் நீரில் போவான், துணி கிழிந்து படகிலேயே தங்கும். மணிக்கட்டில் மாட்டினால் கைப்பிடியில் சிக்கும். முழங்காலுக்கு மேலே தொடையைச் சுற்றிக் கொண்டுவந்து, கயிற்றிலேயே கொக்கியை மாட்டுவது சரியான முறை. நீளம் போதவில்லை என்று இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டிக்கொள்கிறார்களே, அது மகா பிசகு; ஆள் முழுவதும் வெளியே விழுந்த பின்பும் கயிறு தளர்ந்தே கிடக்கும்.

நம் கரைகளுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. கண்ணாடி இழை வள்ளங்கள் பலவற்றில் ஓடுவது பெட்ரோல் எஞ்சின் அன்று. நீண்ட தண்டின் முனையில் விசிறி வைத்த டீசல் எஞ்சின். டீசலுக்குப் பொறி தேவையில்லை. அழுத்தத்தின் உஷ்ணத்திலேயே அது எரிகிறது. ஆகவே மின்சாரத்தை எர்த் செய்யும் கயிற்றை வாங்கி அதில் தொங்கவிடுவதால் பயன் சூனியம். எண்ணெயை நிறுத்தும் லீவரை எப்போதும் ‘நிறுத்து’ பக்கம் இழுக்கும்படி ஒரு ஸ்பிரிங் வைத்து, அதை ஓட்ட நிலையில் ஓர் ஊசியால் தடுத்து, அந்த ஊசியில் கயிற்றைக் கட்ட வேண்டும். ஊசி பிடுங்கினால் லீவர் விழும், எண்ணெய் அறும், எஞ்சின் நிற்கும். எஞ்சினை அறிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை இது. கரையில் பலமுறை சோதித்த பிறகே கடலில் நம்பலாம். எஞ்சின் விற்பவர்களே இதைப் பொருத்தித் தர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தூத்துக்குடிப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம், “கால்ல மாட்டிக்கிட்டா எந்திரிக்கும்போதெல்லாம் எஞ்சின் நின்னுருது, அண்ணாச்சி, கரையலைக்குள்ள நின்னுட்டா வள்ளம் கவுந்துரும்லா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மடங்கி விழும் அலையில் எஞ்சின் நிற்பது அபாயமே. ஆனால் ஆள் தூக்கியெறியப்படுவதும் அதே அலையில்தான். இரண்டு அபாயங்களுள் எஞ்சின் நிற்பதற்கு மாற்று உண்டு, மற்றதற்குக் கிடையாது. உட்காரவும் நிற்கவும் போதிய நீளமுள்ள சுருள் கயிறும், கைக்கெட்டும் இடத்தில் ஓர் உபரிக் கிளிப்பும் இருந்தால், நின்ற எஞ்சினை உடனே கிளப்பிவிடலாம். அந்த உபரிக் கிளிப்புக்கு வேறொரு பெரிய உபயோகமும் இருக்கிறது: ஓட்டுநர் கயிற்றோடும் கிளிப்போடும் நீரில் விழுந்தபின், படகில் மிஞ்சியிருப்பவர்கள் எஞ்சினைக் கிளப்பி அவரை எடுக்க அது இல்லாமல் வழி ஏது?

பராமரிப்பு சொற்பமே. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். தினமும் புறப்படுமுன், எஞ்சின் மெதுவாக ஓடுகையில், கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் கயிறு புதிதாக இருந்தும் பொத்தானின் உள்ஸ்பிரிங் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒருவர் இறங்கி இன்னொருவர் ஓட்ட உட்காருகையில் எஞ்சினை நிறுத்திவிட்டே கயிற்றை மாற்ற வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. வெள்ள மீட்புக்காக ரப்பர் படகும் அவுட்போர்டும் வைத்திருக்கும் தீயணைப்பு நிலையத்தாரையும், தாலுகா அதிகாரிகளையும், படகு கொடுத்து உதவும் மீனவ சகோதரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தெருவெள்ளத்தில் மூழ்கிய சுவரும் வேலிக்கம்பியும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஒரு முட்டலில் ஓட்டுபவர் வெளியே போவார், சுற்றிலும் நீரில் நிற்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். மழைக்கு முன்பே அந்தச் சிவப்புக் கயிற்றை வெளியே எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நிற்கவில்லையானால் அன்றே மாற்றிவிடுங்கள்.

(தொடரும்)