வண்டி ஆயில் குடிக்கிறதா? பழைய அம்பாசடரைப் பிரிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பக்கத்துப் பழைய வீட்டு வாசல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் அம்பாசடர் கார்கள் நிற்கின்றன. தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற பல குடும்பங்களுக்கு அது வெறும் வண்டி அல்ல. மகளின் கல்யாண ஊர்வலம் போனதும், சேலத்துக்கும் வேலூருக்கும் திருவிழாவுக்குப் போய் வந்ததும் அதில்தான். விற்கவும் மனம் வராது. விற்றாலும் பெரிதாகப் பணம் வராது.

உத்தர்பாரா தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி இந்தக் காரின் உற்பத்தியை 2014-ல் நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல, முப்பது நாற்பது வயதைத் தாண்டியவை. அந்த வயதில் அவற்றுக்கு வருகிற முக்கியமான வியாதியை மெக்கானிக்குகள் ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: "வண்டி ஆயில் குடிக்குது சார்!"

அதைக் கேட்டதும் சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். ஆயில் ஊற்றி ஊற்றியே ஓட்டுவதா, எஞ்சினைப் பிரிப்பதா, வேறு எஞ்சினே வாங்கிப் போடுவதா? தப்பான வழியில் இறங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டி வரும்.

கசிவா, எரிவா?

ஆயில் குறைகிறது என்றாலே எரிகிறது என்று அர்த்தமில்லை. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் உண்மை தெரிந்துவிடும். வால்வு மூடியின் கேஸ்கட், சம்ப் கேஸ்கட், கிராங்க் சீல் வழியாகக் கசிந்தால் காகிதத்தில் கறை விழும். இது சில்லறை வேலை. இதற்குப் போய் எஞ்சினை இறக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் இருப்பதே மேல்.

காகிதம் சுத்தமாக இருந்து, ஆயில் மட்டும் குறைந்தால் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. நீலப் புகைதான் எரிகிற ஆயில்.

அந்த நீலப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப் புகை வந்து அடங்கிவிடுகிறதா? நந்தி மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வந்து, கீழே வந்ததும் மிதித்தால் குபீரென்று வருகிறதா? அப்படியானால் வால்வு கைடும், அதன் ரப்பர் சீலும் தேய்ந்திருக்க அதிக வாய்ப்பு. ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். எஞ்சின் வண்டியிலேயே இருக்கலாம். மாறாக, மேட்டில் இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தால், ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

ஒரு ஸ்பூன் ஆயில்

சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஷன் மீட்டர் இருக்கிறது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவு எடுக்கவேண்டும். எந்தச் சிலிண்டரில் குறைவாக இருக்கிறதோ அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் குற்றவாளி ரிங். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. வால்வு கைடு மட்டும் தேய்ந்திருந்தால் கம்ப்ரஷன் சரியாகவே காட்டும் என்பதை மறக்கக் கூடாது. அங்கே புகைதான் காட்டிக் கொடுக்கும்.

ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவானதும் வருகிற ஆசை, "ரிங் மட்டும் போட்டுவிடலாம், செலவு குறைவு" என்பது. பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். லட்சம் கிலோ மீட்டர் ஓடிய சிலிண்டர் வட்டமாக இருக்காது. முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். மேல் விளிம்பில், ரிங் தொடாத இடத்தில், சின்ன வரப்பு ஒன்று நிற்கும். புது ரிங் அந்த வரப்பில் மோதினால் உடையும். உடையாவிட்டாலும் முட்டை வடிவத்தில் ஒட்டி உட்காராது. சில மாதத்தில் பழைய புகை திரும்பி வரும். கூலி போனது போனதுதான்!

தேய்மானம் அதிகம் என்று அளவு காட்டினால் போரிங்தான் முறை. அம்பாசடரில் நெடுங்காலம் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த எஞ்சினுக்கு உடன்பிறப்பு. பல தடவை போர் போடத் தாங்கும் வார்ப்பிரும்பு. லேத் கடையில் "இருபது", "நாற்பது" என்று சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, நாற்பது பங்கு என்ற கணக்கு. நாற்பது என்றால் ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர். அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்கி, பழைய ஸ்டாண்டர்டு அளவுக்கே கொண்டு வரலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து போர் போடச் சொல்ல வேண்டும். போரைப் போட்டுவிட்டு ஜே.சி. ரோடு முழுக்கப் பிஸ்டன் தேடி அலைந்தவர்கள் உண்டு. உற்பத்தி நின்ற வண்டிக்கு எல்லா அளவும் எல்லா நாளும் கிடைக்காது.

குஜிரி எஞ்சின்

கிராங்கும் போய், பிளாக்கும் வெடித்திருந்தால் வேறு எஞ்சின்தான் வழி. சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் தேடினால் அகப்படலாம். ஆனால் அங்கே கிடப்பதும் யாரோ ஓட்டித் தேய்த்த எஞ்சின்தானே? ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். புகை தெரியாமலிருக்கக் கெட்டி ஆயிலை ஊற்றி வைப்பது பழைய தந்திரம். ஆகவே டிப் ஸ்டிக்கை இழுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பது நல்லது. சொந்த எஞ்சினைச் சீர் செய்தால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பதாவது தெரியும். பிளாக் நன்றாக இருக்கிற வரையில் அதுவே உத்தமம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பில் இல்லாமல் வாங்கவே கூடாது. எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகிற விஷயம். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்துவிட்டால், போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் போவது வாங்கியவர்தான். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சொந்தக் கார் 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நம்பர் பொருந்தாவிட்டால் அன்றைக்குத் தகராறுதான்.

ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு லிட்டருக்குள் குடிக்கிற வண்டியை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. எமிஷன் டெஸ்டில் தேறுகிற வரை, வாரா வாரம் டிப் ஸ்டிக்கைப் பார்த்து, பிளக்கைச் சுத்தம் செய்து ஓட்டலாம். போர் போட்ட எஞ்சின் என்றால் முதல் ஐந்நூறு கிலோ மீட்டரில் ஆயிலை மாற்றி, ஆயிரம் வரை விரட்டாமல் ஓட்ட வேண்டும். ஓசூர் ரோட்டில் பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.