ஆறே ஊட்டிய மருந்து

மேற்கு ஆப்பிரிக்காவின் வோல்டா ஆற்றுப் படுகையில், செழிப்பான கரையோர நிலங்கள் ஒரு காலத்தில் தரிசாகக் கிடந்தன. அங்கே குடியிருந்தவர்களின் பார்வையை ‘ஆற்றுக்குருடு’ நோய் பறித்தது. மிஞ்சியவர்கள் ஊரையே காலி செய்தார்கள். யானைக்கால் நோய்ப் புழுவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழுதான் இதற்குக் காரணம். அதை ஆளுக்கு ஆள் பரப்புவது கருஈயின் கடி.

ஊருக்கெல்லாம் கொடுக்கத்தக்க பாதுகாப்பான மருந்து அன்று இல்லை. பறக்கும் ஈயைத் துரத்தவும் முடியாது. ஆனால் அதன் லார்வா தங்குமிடம் ஒன்றுதான்: நீர் வேகமாகப் பாயும் பாறைப்பகுதி. பாறையிலோ செடியிலோ பட்டிழையால் ஒரு திட்டு நெய்து, வால்நுனிக் கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளும். தலையிலுள்ள விசிறிகளை விரித்து, நீரில் வரும் துகள்களை வடித்துத் தின்னும். ஆற்றின் மேற்பகுதியில் பூச்சிமருந்தைக் கலந்தால், ஆறே அதைச் சுமந்துபோய் லார்வாவுக்கு ஊட்டிவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளோடு சேர்ந்து 1974-ல் ஏழு நாடுகளில் இந்த வேலையைத் தொடங்கின. ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் ‘டெமிஃபாஸ்’ மருந்தை ஆறுகளில் தெளித்தன. டெங்கு காலத்தில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் ஊற்றுகிறார்களே, அதே ‘அபேட்’ மருந்துதான். வெப்பநாட்டு ஆறுகளில் கருஈயின் லார்வா ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும் என்பதால் வாரந்தோறும் தெளிக்க வேண்டியிருந்தது. மனித உடலிலோ தாய்ப்புழு 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். அது செத்து ஒழியும்வரை தெளிப்பை நிறுத்த முடியாது.

1980-ல் ஐவரி கோஸ்ட்டில் லார்வாக்கள் டெமிஃபாஸுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது தெரியவந்தது. அதன்பின் ஒரே மருந்தை நம்பாமல், பல மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். அவற்றில் ஒன்று, 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட ‘பிடிஐ’ என்ற பாக்டீரியா. அதன் புரதம் கொசு, கருஈ போன்ற சில பூச்சிகளின் லார்வாக் குடலில்தான் நஞ்சாகும். ஆற்றின் மீன்களும் மற்ற சிற்றுயிர்களும் தாக்குப்பிடிக்கின்றனவா என்பதையும் அறிவியலாளர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

1987 முதல் இந்த நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையும் இலவசமாகக் கிடைத்தது. 2002-ல் திட்டம் முடிந்தபோது, சுமார் 6 லட்சம் பேர் பார்வை இழக்காமல் காப்பாற்றப்பட்டிருந்தார்கள், 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் உழவுக்கும் குடியிருப்புக்கும் ஏற்றதாகியிருந்தது.

குடிக்கும் ஆற்றில் பூச்சிமருந்து கலப்பது சிறிய முடிவல்ல. லார்வா எங்கே வாழ்கிறது, எப்படித் தின்கிறது, எத்தனை நாளில் வளர்கிறது என்று துல்லியமாக அறிந்திருந்ததால்தான் அளவறிந்து மருந்திட முடிந்தது. நம் ஊர்க் கொசு ஒழிப்புக்கும் அந்த அறிவும் வாரம் தவறாத உழைப்பும்தான் தேவை.