காட்டு மக்களின் உரிமையும் சட்ட நூலக அலமாரியும்

சட்ட நூலகம் என்றாலே அது வக்கீல்கள் போகிற இடம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் எண்ணிக்கையில் சிறிய சமூகங்களுக்கு அங்கே தூசி படிந்து கிடக்கும் பழைய காகிதமே சில சமயம் நிலத்துக்கு ஆதாரமாகிவிடுகிறது. மைசூரைச் சுற்றியுள்ள பழங்குடி மக்களை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

பிளிகிரிரங்கன மலைக்கு ரங்கநாதரைச் சேவிக்க நம்மவர்கள் போவதுண்டு. அங்கே வாழும் சோலிகர்கள் வேறு யாருமல்ல. சத்தியமங்கலம் பக்கத்தில் சோளகர் என்கிறோமே, அவர்கள்தான். 1974இல் அந்த மலை சரணாலயமானது. அதன்பின் சோலிகர்கள் பலர் காட்டின் உட்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2011இல் அவர்களுடைய கிராம சபைகள் பலவற்றுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை.

சரி, பட்டா இல்லாதவர் தன் உரிமையை எதை வைத்து நிரூபிப்பது? இதற்கு அந்தச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆவது விதியைப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு, கெசட்டியர், சர்வே வரைபடம், நீதிமன்ற உத்தரவு, பழைய சமஸ்தானங்களின் பதிவேடு, இந்திய மானிடவியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களின் ஆய்வு, ஊர்ப் பெரியவர் வாயால் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம், கிணறு, இடுகாடு, சாமி மரம் எல்லாமே சாட்சிதான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் வேண்டும்.

இங்கேதான் மைசூருக்கு முக்கியத்துவம் வருகிறது. சமஸ்தானத்தின் தலைநகரம் இது. அந்த மானிடவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் இங்கேதான் இருக்கிறது. நஞ்சுண்டய்யாவும் அனந்தகிருஷ்ண ஐயரும் எழுதிய மைசூர்க் குலங்கள் பற்றிய நான்கு தொகுதிகளை மைசூர்ப் பல்கலைக்கழகம்தான் வெளியிட்டது. அக்காலத்து நூல்களில் பழங்குடிகளைப் பற்றிப் படித்தால் நமக்குக் கோபம் வருகிற வரிகள் உண்டு. இருக்கட்டும். இன்ன மக்கள் இன்ன மலையில் இருந்தார்கள் என்று அச்சில் இருக்கிறதே, அது போதும்.

தேடுகிறவருக்கு ஒரு சிக்கல். கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே மலையின் ஒரு பக்கத்துக்கு 1900ஆம் ஆண்டு மைசூர் வன ஒழுங்குச் சட்டம், மறுபக்கத்துக்கு 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம். ஒரே ஜனங்கள், ஆனால் அவர்கள் கதை இரண்டு ராஜ்யத்து அலமாரிகளில் கிடக்கிறது. பெயரும் அப்படியே: அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் கர்நாடகத்தில் ஒரு எழுத்து, தமிழ்நாட்டில் வேறு எழுத்து. இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிதான் அகப்படும்.

தீர்ப்புத் தொகுதிகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். நாகரஹொளே தேசியப் பூங்காவுக்குள் ஓட்டல் நிறுவனம் ஒன்று சொகுசு விடுதி நடத்த இருந்ததை எதிர்த்துப் பழங்குடி அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 1997இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஆனால் தீர்ப்பு நின்றது வனப் பாதுகாப்புச் சட்டத்தின் மேல். காடு காப்பாற்றப்பட்டது, காட்டில் இருந்தவர்களின் உரிமைக்கு அது விடையாகவில்லை.

நம் கதையும் கொஞ்சம் இதே மாதிரிதான். கர்நாடகத்தில் நாம் மொழிச் சிறுபான்மையினர். யார் சிறுபான்மை என்பதை மாநில வாரியாகத்தான் பார்க்க வேண்டும் என்று 2002இல் பதினொரு நீதிபதிகள் சொன்னது டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில். குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 6ஆம் தேதி சொன்னது தனியார் பள்ளி நிர்வாகங்களின் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில். இரண்டு தலைப்பிலும் தமிழ் என்ற சொல் கிடையாது. பொருளடக்கத்தில் 'தமிழர்' என்று தேடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். அரசியலமைப்பின் 29, 30, 350ஏ பிரிவுகளைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைக்கும்.

350பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையர் தரும் அறிக்கைகளும் உண்டு. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் அவை, தீர்ப்புகளோடு சேராமல் பெரும்பாலும் அரசு வெளியீடுகள் பகுதியில்தான் இருக்கும். நூலகரிடம் அப்படிச் சொல்லிக் கேளுங்கள்.