சிறுநீரகத்துக்குக் காத்திருத்தல்: அன்றும் இன்றும்

வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை தொடங்கியபோது காத்திருப்போர் பட்டியல் என்று எதுவும் இல்லை. தருபவர் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். "கிட்னி ரெண்டும் போச்சு" என்று டாக்டர் சொன்ன அன்றே குடும்பம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்: யாருக்கு ஒரே ரத்த குரூப், யாருக்கு மனசு வரும். பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ முன்வந்தார்கள். உயிரோடு இருந்து சிறுநீரகம் தருவோரில் இன்றும் பெண்களே அதிகம் என்பதை நம் வீடுகள் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை.

வீட்டில் ஆள் இல்லாதவர்கள் தரகரைத் தேடிப்போனார்கள். கடனில் மூழ்கிய ஏழைகள் சிறுநீரகத்தை விற்றதால், சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்ற அவப்பெயர் வந்தது. அந்த நாளில் தயாராவது என்றால் பணம் திரட்டுவதுதான்; நிலம் போகும், தாலிச் செயின் அடகுக்குப் போகும்.

1994-இல் வந்த மத்தியச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது; மூளைச்சாவை மரணமாக ஏற்றது. ஆனாலும் மக்கள் மனத்தில் அது பதிந்தது 2008 செப்டம்பரில்தான். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். சென்னையில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தை 11 நிமிடத்தில் கொண்டுசேர்க்கப் போலீஸ் வழிவிட்டு நின்றது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. 2014-இல் அதற்கென்று தனி ஆணையம் அமைந்தது. இப்போது அரசு மருத்துவமனை நோயாளியும் தனியார் மருத்துவமனை நோயாளியும் முறைப்படி பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைக்கும் இடம் உண்டு.

இங்கேதான் ஒரு தப்பான நிம்மதி வந்துவிடுகிறது. "லிஸ்ட்ல பேர் குடுத்தாச்சு, கூப்பிடுவாங்க" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கூப்பிடும் நாளில் காய்ச்சலோ, டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையில் சீழோ, சொத்தைப் பல்லில் கிருமியோ இருந்தால் அந்தச் சிறுநீரகம் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் அநியாயம் ஏதும் இல்லை. அறுவைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் தொடங்குவதால், உடம்பில் ஒளிந்திருக்கும் சின்னக் கிருமிகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால்தான் பல் டாக்டரிடமும் இதய டாக்டரிடமும் முன்கூட்டியே அனுப்புகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதலிலேயே போட்டு முடிக்கச் சொல்கிறார்கள்.

ரத்தம் ஏற்றும் விஷயத்தில் மருத்துவம் தலைகீழாகவே மாறிவிட்டது. 1970-களில், முன்பே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்குப் புதுச் சிறுநீரகம் நன்றாக நிலைக்கிறது என்று கண்டு, அறுவைக்கு முன் வேண்டுமென்றே ஏற்றினார்கள். 80-களில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும் அதற்கான தேவை குறைந்தது. அந்நிய ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிர்ப்புரதங்கள் உருவாகி, தருபவருடன் பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை பொருந்தாமல் போகும் என்ற கவலை முன்னுக்கு வந்தது. இன்று ஹீமோகுளோபின் குறைந்தால் ரத்தம் ஊற உதவும் எரித்ரோபாய்டின் ஊசியைத்தான் முதலில் நினைப்பார்கள். வேறு ஏதோ நோய்க்காக வேறு மருத்துவமனையில் படுத்தால்கூட, "நான் கிட்னிக்குக் காத்திருக்கிறேன், ரத்தம் ஏற்றுவதற்கு முன் என் நெப்ராலஜி டாக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும்.

அன்றும் இன்றும் மாறாதது தாகம். வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருபவருக்குச் சித்திரை வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீர் எவ்வளவு பெரிய ஆசை என்பது பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏற ஏற இதயம் தேய்கிறது. இதயம் பலவீனமானால் மாற்று அறுவையே எட்டாமல் போகலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு தாகத்தைக் கூட்டும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று உறவினர் அன்போடு வாங்கி வரும் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பார்க்க வருபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு பாரம் 2008-க்குப் பிறகு வந்தது. அன்று பெற்றுக்கொண்டவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல முடிந்தது. இன்று காத்திருப்பவரோ, "யாரோ சாக வேண்டும் என்றா நான் காத்திருக்கிறேன்?" என்று இரவில் தன்னையே கேட்டுக்கொள்கிறார். உங்கள் பெயர் பட்டியலில் இருப்பதால் எந்த விபத்தும் நடப்பதில்லை. நடந்துவிட்ட மரணத்தில் ஒரு குடும்பம் மனமுவந்து எடுக்கும் முடிவு அது. 2023 முதல் அப்படித் தானம் செய்தவரின் உடலுக்குத் தமிழக அரசு அரசு மரியாதை செய்கிறது. ஆகவே குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள்.

போன் நம்பர் மாறினால் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவியுங்கள். வீட்டில் இன்னொருவர் நம்பரையும் கொடுத்து வையுங்கள். காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், இரண்டு மாற்றுத் துணி ஒரே பையில் இருக்கட்டும். அழைப்பு வந்தவுடன் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். போன இடத்தில் கிராஸ் மேட்ச் பொருந்தாமல் திருப்பி அனுப்பினாலும் மனம் உடைந்து டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். உங்கள் பெயர் பட்டியலில்தான் இருக்கிறது. அடுத்த அழைப்புக்கும் உடம்பைத் தயாராக வைத்திருங்கள்.