நல்லவர்கள் வாயிலிருந்து வந்த பாராட்டு
கோடுகளில் பிறந்த வீரர்கள் – 11

ஜான் ஸ்டூவர்ட் அன்று சின்னப் பையனாக மாறிப்போயிருந்தார். பச்சை மோதிரம் அணிந்த க்ரீன் லான்டர்ன் அவர். முன்னாள் மரைன் வீரர். சிரிப்பைக்கூட அளந்து செலவழிக்கும் ஆள். ஒரு வெடிப்பில் சிக்கி, தோழர்களோடு வேறோர் உலகத்துக்குத் தூக்கி எறியப்படுகிறார். கண் விழித்தால் எதிரே நிற்பவர்கள், சிறுவயதில் காமிக்ஸில் படித்து அவர் கொண்டாடிய ‘ஜஸ்டிஸ் கில்டு’ வீரர்கள். துணிவு என்றால் என்ன என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவரான ஸ்ட்ரீக், ஜானை வாய் நிறையப் பாராட்டுகிறார்: உன் இனத்துக்கே நீ பெருமை தேடித் தந்திருக்கிறாய், தம்பி என்கிற தொனியில். சொன்னவர் மனதில் துளி வஞ்சகம் இல்லை. ஜானும் சண்டைக்குப் போகவில்லை, விழுங்கிக்கொள்கிறார். காட்சி நகர்ந்துவிடுகிறது. எல்லாம் சில நொடிகள்தான்.

2002 ஏப்ரலில் ‘ஜஸ்டிஸ் லீக்’ கார்ட்டூன் தொடரில் வந்த ‘லெஜண்ட்ஸ்’ என்ற இரண்டு பாகக் கதை இது. ஜஸ்டிஸ் கில்டு என்பது கற்பனைப் பெயர். 1940-இல் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் அறிமுகமான ஜஸ்டிஸ் சொசைட்டியின் சாயலில்தான் அதை உருவாக்கினார்கள். அந்தப் பழைய கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸுக்கே இந்தக் கதையைக் காணிக்கையாக்கியும் இருந்தார்கள். அதனால்தான் சிலருக்குக் கோபம். தாத்தாவுக்கு மாலை போடுகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு, மேடையில் வைத்து அவர் மானத்தை வாங்கலாமா? குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில், ஆண்கள் ஆலோசனை நடத்தும்போது ஜானோடு வந்த பெண் வீரர் ஹாக்கேர்லைச் சமையலறைக்குக் கூப்பிடும் காட்சியும், ஜானின் நிறத்தைச் சுட்டும் பாராட்டும் எதற்கு?

சமையலறைக் காட்சி மிகை என்று நினைப்பவர்கள் 1942-ஐப் புரட்டிப் பார்க்கலாம். ஜஸ்டிஸ் சொசைட்டியில் வொண்டர் வுமனைச் சேர்த்தபோது அவருக்குக் கொடுத்த பொறுப்பு, செயலாளர். ஆண் வீரர்கள் உலகைக் காக்கப் போவார்கள். கடவுளர் அருள் பெற்ற அமேசான் இளவரசி கூட்டக் குறிப்பு எழுதுவார். அதன் பக்கத்தில் வைத்தால் ‘லெஜண்ட்ஸ்’ கிண்டல் மிகவும் மிதமானது.

நிற விஷயத்தில் நிஜம் இன்னும் மோசம். கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1941-இல் ‘யங் அலைஸ்’ என்ற சிறுவர் படையை உருவாக்கினார்கள். அதில் இருந்த ஒரே கறுப்பினச் சிறுவனின் பெயர் வொயிட்வாஷ் ஜோன்ஸ். தடித்த உதடு, உருளும் விழி, கொச்சைப் பேச்சு, எதைக் கண்டாலும் நடுக்கம். கேப்டன் மார்வெல் கதைகளில் அதே அச்சில் வார்த்த ஸ்டீம்போட் என்ற வேலைக்காரன் இருந்தான். ஸ்ட்ரீக்கின் பாராட்டு, இவற்றோடு ஒப்பிட்டால், மரியாதைப் பேச்சு.

அந்தக் காலத்துக் கார்ட்டூன் தன் காலத்தைப் பற்றிக் கருத்தே சொல்லவில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். ஃப்ளைஷர் சகோதரர்களின் கையைவிட்டுப் போன பிறகு சூப்பர்மேன் படங்களைப் பாரமவுண்டின் ஃபேமஸ் ஸ்டுடியோஸ் எடுத்தது. அவர்களின் முதல் படம், 1942 செப்டம்பரில் வந்த ‘ஜாப்போட்டர்ஸ்’. ஓர் அலுவலக அறை. கோட்டு சூட்டில் ஒரு ஜப்பானியர் செய்தித்தாளில் புதிய குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிப் படிக்கிறார். சுவரில் சுதந்திர தேவி சிலையின் படம். ஆள் ஏதோ விசையை இயக்க, படம் மாறி உதயசூரியக் கொடி தெரிகிறது. எழுந்து நின்று அதை வணங்குகிறார். பிறகு விமானத்தைக் கடத்துவதும் சூப்பர்மேன் தடுப்பதும் வழக்கமான கதை. எனக்கு அந்தச் சுவர்ப் படம்தான் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியே அமெரிக்க விசுவாசம், உள்ளே ஜப்பானிய விசுவாசம் என்பதுதான் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட சந்தேகம். அரசு பக்கம் பக்கமாக எழுதிய வாதத்தை அந்தச் சுவர்ப் படம் ஒரு விசையில் சொல்லிவிட்டது. நாசவேலைக்கோ உளவுக்கோ மேற்குக் கடற்கரை ஜப்பானிய வம்சாவளியினர்மீது சான்று எதுவும் இல்லை என்று 1983-இல் அரசு நியமித்த ஆணையமே அறிக்கை தந்தது. 1988-இல் மன்னிப்பும், உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலரும். படத்தில் விசையை இயக்கியவர் இன்றைக்கும் யூடியூபில் வணங்கிக்கொண்டேதான் இருக்கிறார்.

‘குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியாது, பாரமேற்ற வேண்டாம்’ என்பார்கள். 1945-இல் நியூயார்க் பள்ளி மாணவர்கள் சிலர், யூத்பில்டர்ஸ் என்ற அமைப்பின் சார்பில், கேப்டன் மார்வெலை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனத்தின் ஆசிரியரைப் பார்க்கப் போனார்கள். ஸ்டீம்போட்டை எடுத்துவிடுங்கள் என்றார்கள். வெள்ளைப் பாத்திரங்களையும்தானே கேலியாக வரைகிறோம் என்று ஆசிரியர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். மாணவர்களிடம் ஸ்டீம்போட்டின் முகத்தைப் பெரிதாக்கிய படம் இருந்தது. அதைக் காட்டி, உங்கள் வாசகர்கள் இதுதான் கறுப்பினம் என்று நம்பிவிடுவார்கள் என்று வாதாடினார்கள். ஸ்டீம்போட் அதன் பிறகு கதையில் தலைகாட்டவில்லை. புரியாமல் இருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கடந்த காலத்துக்குப் போகும் இன்றைய கார்ட்டூன் இதைப் பற்றி வாயே திறக்காவிட்டால் என்ன? அதற்கும் அதே தொடரில், அதே 2002-இல் சான்று இருக்கிறது. நவம்பரில் வந்த ‘தி சாவேஜ் டைம்’ மூன்று பாகக் கதையில் ஜஸ்டிஸ் லீக் இரண்டாம் உலகப் போருக்கே போய்விடுகிறது. மோதிரத்தின் சக்தி தீர்ந்துபோய், ஜான் ஸ்டூவர்ட் காமிக்ஸ் போர்வீரர் சார்ஜென்ட் ராக்கின் ஈசி கம்பெனியோடு தோள் சேர்ந்து தரையில் போரிடுகிறார். அருமையான சாகசம். ஆனால் 1940-களின் அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுக்குள் ஒரு கறுப்பின வீரர் வந்து சேர்கிறார். அவர் நிறம் அங்கே ஒரு பேச்சாகவே ஆவதில்லை.

நிஜத்தில் அன்றைய ராணுவம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. ட்ரூமன் அதை முடிவுக்குக் கொண்டுவர ஆணையிட்டது 1948 ஜூலையில், போர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அந்தப் போரில் சேவை செய்தார்கள். பெரும்பாலோருக்குக் கிடைத்தது லாரி ஓட்டுவதும் மூட்டை இறக்குவதும். 1944-இல் பிரான்ஸ் போர்முனைக்கு எரிபொருளும் குண்டுகளும் கொண்டுபோன ரெட் பால் எக்ஸ்பிரஸ் லாரி ஓட்டுநர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். செஞ்சிலுவைச் சங்கம் ரத்தத்தையே நிறம் பார்த்துத் தனித்தனியாக வைத்திருந்தது. 1950 வரை அது தொடர்ந்தது. குண்டடிபட்டுச் சாகக் கிடப்பவனுக்கும் சொந்த நிறத்து ரத்தம்தான்.

இதில் ஒரு செய்தி, அந்தக் கார்ட்டூனுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறது. 1944 இறுதியில் பல்ஜ் சண்டையில் காலாட்படையினர் பெருமளவில் மாண்டபோது, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கறுப்பினத் தன்னார்வலர்களை அழைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர்முனைக்குப் போனார்கள். வெள்ளையர் கம்பெனிகளோடு இணைத்த தனிப் பிளாட்டூன்களாக அவர்களைச் சண்டையிட வைத்தார்கள். ஆனால் வெள்ளை வீரர்களுக்கு அவர்கள் கட்டளையிடும் நிலை வந்துவிடக் கூடாதே! சார்ஜென்ட்டாக இருந்தவர்கள் சட்டைக் கையிலிருந்த பட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாதாரணச் சிப்பாயாக இறங்கிவந்தால்தான் சேர்த்துக்கொண்டார்கள். பதவியை இழந்து, சாவின் வாசலுக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஜான் ஸ்டூவர்ட் ஈசி கம்பெனியில் கால் வைக்கும்போது இதில் ஒரு வரி, ஒரே ஒரு முகச்சுளிப்பு வந்திருந்தால்கூட சாகசம் குறைந்திருக்காது; ஜானின் துணிவுக்கு எடை கூடியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. கறுப்பினச் சிறுவன் ஒருவன் டிவி முன்னால் உட்காருகிறான். அவன் நிறத்துக்காரர் ஒருவர் நாஜிகளை அடித்து நொறுக்குவதைப் பார்த்துக் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்திலும் அவமானத்தின் வரலாற்றை அவன் தட்டில் பரிமாற வேண்டுமா? வெள்ளைச் சிறுவனுக்குக் கிடைக்கும் கவலையற்ற அரைமணி நேரம் அவனுக்கு மட்டும் கிடைக்கக் கூடாதா? நியாயமான கேள்வி. ஒவ்வொரு எபிசோடிலும் பாடம் நடத்தச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஆனால் கதையை 1940-களுக்குக் கொண்டுபோனது கார்ட்டூன்காரர்கள். பழைய போரின் மிடுக்கு வேண்டும், சீருடை வேண்டும், வெற்றிப் பெருமிதம் வேண்டும். அதோடு ஒட்டிவந்த அழுக்கு மட்டும் வேண்டாம் என்றால், சிறுவனுக்குப் போய்ச் சேர்வது பொய்யான 1944.

மௌனமாகத் திருத்திவிடும் வழி ஒன்றும் உண்டு. நம் காமிக்ஸ் வாசகர்களுக்கு மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் அவர் துணைவர் லொதாரையும் நன்றாகத் தெரியும். 1934-இல் லீ ஃபாக் எழுதத் தொடங்கியபோது லொதார் சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியும் அணிந்து, உடைந்த ஆங்கிலம் பேசுபவர். இத்தனைக்கும் ஆப்பிரிக்க இளவரசர்! அறுபதுகளில் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரைய வந்த பிறகு உடையும் பேச்சும் மாறின. 1986-இல் ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்’ கார்ட்டூனில் ஃபிளாஷ் கார்டன், ஃபேண்டம், மாண்ட்ரேக் மூவருக்கும் சரிசமமான நான்காவது வீரராக லொதார் நின்றார். கதை நடப்பது 2015-இல் என்பதால் அங்கே பழையதைக் கிளற வேண்டிய தேவையில்லை, திருத்தியதே போதும். எதிர்காலத்துக்கு அந்தச் சலுகை உண்டு. கடந்த காலத்தில் கதை நடத்துபவருக்கு அது செல்லாது.

பேசத் துணிபவர்களும் பெரும்பாலும் சுலபமான வழியில் போகிறார்கள்: இனவெறியைத் தூக்கி வில்லன் தலையில் வைத்துவிடுவது. முக்காடு போட்டவன், நாஜி, பைத்தியக்காரன். நாயகன் ஒரு குத்து விட்டால் சங்கதி முடிந்தது. ஆனால் பேருந்தில் பின் இருக்கையைக் காட்டியவர்கள், உணவகத்தில் தட்டு வைக்க மறுத்தவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போன நல்ல மனிதர்கள். ‘ஸ்டாடிக் ஷாக்’ இதைப் புரிந்துகொண்ட தொடர். கறுப்பின நாயகன் விர்ஜில், உயிர் நண்பன் ரிச்சியின் வீட்டுக்குப் போகிறான். வெறுப்பைக் கக்குவது அங்கே எந்த முகமூடிக்காரனும் அல்ல, ரிச்சியின் அப்பா. அது நிகழ்காலக் கதை. கடந்த காலத்தை வைத்து அந்த நுட்பத்தைச் செய்து காட்டியது ‘லெஜண்ட்ஸ்’தான். ஸ்ட்ரீக் பிறருக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர். கதையின் முடிவில் கொடுக்கவும் செய்கிறார். அந்த வாயிலிருந்துதான் அந்தப் பாராட்டும் வந்தது. ஜானுக்கு அவர்மேல் உள்ள அன்பு கடைசிவரை குறையவும் இல்லை.

இந்தத் துணிவு நிலைத்ததா என்றால், 2008-இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்: தி நியூ ஃப்ரான்டியர்’ படத்தைப் பார்க்க வேண்டும். டார்வின் குக் 2004-இல் எழுதி வரைந்து முடித்த காமிக்ஸிலிருந்து எடுத்தது; காலம் 1950-கள். மூல நூலில் ஜான் ஹென்றி என்ற கறுப்பின மனிதர் வருகிறார். கு க்ளக்ஸ் கிளான் கும்பல் அவர் குடும்பத்தைக் கொன்றுவிட, முக்காடும் கழுத்தில் தூக்குக் கயிறுமாக, இரண்டு சம்மட்டிகளோடு அந்தக் கும்பலைத் தனியாளாக எதிர்க்கிறார். காயம்பட்டு ஒளிந்திருக்கும் அவரை ஒரு வெள்ளைச் சிறுமி கண்டுகொள்கிறாள். இரக்கப்படுவாள் என்று பக்கத்தைப் புரட்டினால், இதோ இங்கே இருக்கிறான் என்று கும்பலைக் கூப்பிடுகிறாள். சூப்பர்மேனும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. அந்த நூலில் என்னால் மறக்க முடியாத பக்கங்கள் அவை.

சுமார் 75 நிமிடப் படத்தில் அந்த அத்தியாயத்தை அப்படியே வைக்க அவர்களுக்கு இடமில்லை. நீளம்தான் காரணம் என்று சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1960-இல் கென்னடி ஆற்றிய ‘நியூ ஃப்ரான்டியர்’ உரையைப் படத்தின் முடிவில் நம்பிக்கையூட்டும் காட்சிகளோடு ஒலிக்கவிட்டார்கள். அதற்கு இடம் இருந்திருக்கிறது.

அடுத்த வாரம்: நிறத்தைப் பற்றி நேரடியாகப் பேசாமல் மியூட்டன்ட்களை வைத்துப் பேசிய எக்ஸ்-மென்.

(தொடரும்)