நமக்கு தரிசனம் ஆயிற்று... டிரைவர் எப்போது தூங்கினார்?

வைகுண்ட ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கத்துக்கு இரவோடு இரவாக வந்து சேரும் கார்களுக்கும் வேன்களுக்கும் கணக்கே கிடையாது. விடிவதற்கு முன்பே பரமபத வாசல் திறந்துவிடும். அதற்குள் வரிசையில் நிற்க வேண்டும் என்று, சென்னைக் குடும்பங்கள் ஆபீஸ் முடிந்த கையோடு இரவு எட்டு மணிக்குக் கிளம்புகின்றன. சுமார் 320 கிலோமீட்டர். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் வண்டியிலேயே தூங்கிவிடலாம், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்தவர் என்று வைத்துக்கொள்வோம். பகலில் இரண்டு லோக்கல் சவாரி பார்த்திருப்பார். இரவு 11 மணிக்கு அவர் கண் விழித்து 17 மணி நேரம் ஆகிறது. நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி கொள்ளிடம் பாலம் ஏறும்போது 20 மணி நேரம்!

இந்த 17 என்ற எண்ணுக்கு ஓர் ஆராய்ச்சிக் கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர், ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்கவிடாமலும் இன்னொரு நாள் மது கொடுத்தும் சோதித்தார்கள். கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று தெரிந்தது. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். குடித்திருந்தால் போலீஸ் ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடும். தூக்கத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியில் ஊதுவது?

அதனால்தான் விபத்துக் கணக்கில் தூக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். மத்திய அரசின் அறிக்கையைப் புரட்டினால் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் ‘அதிவேகம்’. அந்த வேகத்தில் போனவரின் கண் திறந்திருந்ததா என்பதை யார் எழுதுவது? மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. நான்கு நொடி கண் சொருகினால் 100 மீட்டர். சமயபுரம் பக்கம் அந்த 100 மீட்டருக்குள் பாதயாத்திரை பக்தர்கள் நடந்துகொண்டிருக்கலாம். திருச்சி–தஞ்சாவூர் சாலையில் வளம்பக்குடி அருகே 2024 ஜூலையில் அப்படி நடந்து வந்த பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதி உயிர்கள் போனது இந்தப் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது.

சென்னை ஐ.ஐ.டி.யில் வெங்கடேஷ் பாலசுப்பிரமணியன் குழு பல ஆண்டுகளாக டிரைவர்களின் சோர்வை ஆராய்கிறது. கார் ஓட்டுவது போன்ற சிமுலேட்டரில் உட்காரவைத்து, தோள், கழுத்துத் தசைகளில் எழும் மின் சமிக்ஞைகளை அளந்து 2007-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். விபத்து விவரங்களைப் போலீஸார் சம்பவ இடத்திலேயே செல்போனில் பதிவு செய்யும் ‘ஐராட்’ தரவுத்தளமும் இதே ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவானதுதான்.

சரி, தூக்கம் வந்தால் நம் டிரைவர் அண்ணன் என்ன செய்வார்? ஜன்னலை இறக்குவார். இளையராஜா பாட்டைச் சத்தமாக வைப்பார். இந்த இரண்டையுமே இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்னும் லூயிஸ் ரெய்னரும் சோதித்திருக்கிறார்கள். முகத்தில் குளிர்ந்த காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவுகின்றன. அதற்குப் பிறகு தூக்கம் மறுபடி அழுத்துகிறது. ராஜாவின் மேல் குற்றமில்லை!

அவர்கள் சோதனையில் பலன் தந்தவை காபியும் குட்டித் தூக்கமும். காபி குடித்த கையோடு வண்டியை ஓரங்கட்டி 15 நிமிடம் கண்ணை மூடலாம். காபி உடம்பில் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். சுங்கச்சாவடியில் முகம் கழுவச் சொல்லி டீ கொடுக்கும் போலீஸார், கூடவே கால் மணி நேரம் தூங்கவும் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் இது அவசரத்துக்கான கைவைத்தியம். ராத்தூக்கத்துக்கு ஈடாகாது.

திரும்பும் பயணம் இன்னும் மோசம். தூக்கத்தால் நேரும் விபத்துகள் அதிகாலை இரண்டு மணி, ஆறு மணி, மாலை நான்கு மணி வாக்கில் உச்சத்தில் இருப்பதாக அதே ஹார்ன், ரெய்னர் 1995-ல் எழுதினார்கள். தரிசனம், மதியச் சாப்பாடு, அம்மா மண்டபத்தில் ஒரு எட்டு என்று முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் நான்கு மணிக்கு வண்டி எங்கே இருக்கும்? நெடுஞ்சாலையில்தான். நாம் கோயிலுக்குள் இருந்த நேரத்தில் அவர் வேனின் முன் சீட்டைச் சாய்த்து, கொசுவோடு போராடியிருப்பார். அதைத் தூக்கம் என்று நாம் கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இடையில் அரை மணி ஓய்வு என்றது அது. வாடகைக் கார் உலகில் அதை யார் பார்த்தார்கள்! தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜ்களும் 8 கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கை வீதம் டிரைவர்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்றது. கழிப்பறை, குளியலறையோடு, அந்த வளாகத்திலோ 250 மீட்டருக்குள்ளோ அது இருக்க வேண்டும். திருச்சியில் ரூம் போடும்போது ஏ.சி. உண்டா, வெந்நீர் வருமா என்று கேட்கிறோமே, அந்த போனிலேயே டிரைவருக்குக் கட்டில் உண்டா என்றும் கேட்டுவிடலாம்.