சிறு ட்ரோன் கண்ணுக்குத் தெரியச் செய்யும் முறைகள்

ஏரிக்கரையைப் பார்வையிடவும் பயிரின் நிலையை மேலிருந்து அறியவும் ட்ரோன் என்னும் ஆளில்லா வானூர்தி இன்று கிராமங்களிலும் பயன்பட்டு வருகிறது. மருந்து தெளிக்கும் ட்ரோன் உருவிற் பெரியது, இரைச்சலும் மிக்கது. அது இருக்குமிடம் எளிதில் தெரியும். படம் எடுக்கும் சிறு ட்ரோனோ அப்படியன்று. ஓர் அடி அகலமுள்ள ட்ரோன் 100 மீட்டர் தொலைவில், நீட்டிய கையில் ஏந்திய எள்ளின் அளவாகவே தோன்றும். 300 மீட்டரில் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்கு மறைந்த ட்ரோன் மின்கம்பியில் சிக்கலாம். வயலில் களையெடுப்போர் தலைமேல் விழலாம். ஆதலின், வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதேயாகும்.

பளிச்சென்ற நிறம் பூசினாற் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. ட்ரோன் தலைக்கு மேல் நிற்கும்போது அதன் பின்னணி ஒளிமிக்க வானம். அடிப்பாகம் நிழலில் இருப்பதால் சிவப்பாயினும் மஞ்சளாயினும் கருமையாகவே தெரியும். வெண்மையும் சாம்பல் நிறமுமோ மேகத்தோடு கலந்துவிடும். எனவே, அடிப்பாகத்திற்குப் பளபளப்பில்லாத கருநிறமே தக்கது. ட்ரோன் தாழப் பறந்து, பின்னால் தோப்போ பச்சை வயலோ இருக்கையில், கருநிறம் மறைந்துவிடும். அப்போது பக்கங்களில் ஒட்டிய ஒளிர் ஆரஞ்சு நிற நாடா உடனே கண்ணிற் படும். அடியில் கருமை, பக்கங்களில் ஆரஞ்சு என்று இரண்டையும் கொள்வதே முறை.

இருக்குமிடம் தெரிந்தால் மட்டும் போதாது. முகம் எப்பக்கம் என்பதும் தெரிய வேண்டும். ட்ரோன் நம்மை நோக்கித் திரும்பியிருக்கும்போது, இடப்பக்கம் செலுத்த விசையைத் தள்ளினால் அது நம் வலப்பக்கம் செல்லும். ஆதலின் முன் கைகள் இரண்டில் மட்டும் ஆரஞ்சு நாடாவைச் சுற்றி, பின் கைகளைக் கருமையாக விடுவது நன்று.

விட்டுவிட்டு மின்னும் விளக்கு பார்வையின் ஓரத்திலும் உறைக்கும். காகம், பருந்து இவற்றினின்று ட்ரோனைப் பிரித்துக் காட்டும். அமெரிக்காவில் 2021 முதல், இரவிற் பறக்கும் சிறு ட்ரோன்களுக்கு மூன்று மைல் தொலைவுக்குத் தெரியும் மின்னும் விளக்கு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் நண்பகல் வெயிலில் சிறு விளக்கினால் பயன் சொற்பமே. அங்கு நாடாவே துணை.

சேர்க்கும் பொருள் எதுவும் சுழலும் இறக்கைகளைத் தொடலாகாது; உணர்கருவிகளையும் காற்றுத் துளைகளையும் மூடலாகாது. உலோகத் தகடு கொண்ட நாடா வானொலி அலைகளைத் தடுக்கும், அதைத் தவிர்க்க. சாயம் கரைக்கும் திரவங்கள் சில பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யுமாதலால் சாயத்தைவிட நாடாவே பாதுகாப்பு. எடையும் கவனத்திற்குரியது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை ‘நானோ’ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ வகை. 249 கிராம் ட்ரோனில் 10 கிராம் விளக்கைப் பொருத்தினால் வகையே மாறிவிடும். ஆதலின் பொருத்தியபின் தராசில் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

இனி, பார்க்கும் கண்ணைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் கண் கூசாது. நாடாவின் நிறமும் நன்கு விளங்கும். கைத்திரையைக் குனிந்து பார்த்துவிட்டு வெறும் வானை நோக்கினால், பற்றிக்கொள்ளப் பொருளின்றிக் கண் அருகிலேயே குவிந்து நிற்கும். ட்ரோன் எதிரே இருந்தும் தெரியாது. தொலைவிலுள்ள பனைமரம் ஒன்றை முதலில் நோக்கி, பிறகு வானத்தைத் தேடினால் அது விரைவில் அகப்படும். இதனினும் மேலானது, இயக்குபவர் அருகில் ஒருவரை நிறுத்துவது. திரையைப் பாராமல் ட்ரோனையே நோக்கியிருப்பதும், கம்பியையோ ஆட்களையோ அது நெருங்கினால் உடனே குரல் கொடுப்பதும் மட்டுமே அவர் வேலையாக இருத்தல் வேண்டும்.